ஈறில் ரத்தமா? பல்லைக் காப்பாற்ற வழி உண்டு!

(கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பிரசுரம்)



காலையில் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்துத் துப்புகிறீர்கள். தண்ணீரோடு கொஞ்சம் சிவப்பாகப் போகிறது. "உடம்புச் சூடு, ரெண்டு நாள் மோர் குடிச்சா சரியாப் போயிடும்" என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டு விடுகிறீர்கள். வலி இல்லை. அதனால் கவலையும் இல்லை.

அந்த ரத்தத்தைப் பற்றித்தான் இந்தப் பிரசுரம். முகம் கழுவும்போது ரத்தம் வந்தால் சும்மா இருப்போமா? தலை சீவும்போது சீப்பில் ரத்தம் ஒட்டியிருந்தால் விட்டுவிடுவோமா? பல் துலக்கும்போது வருகிற ரத்தத்தை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

ஒரு வீட்டுப் பேச்சு

சிறுசேரியில் ஒரு குடும்பம் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கணவருக்கு வயது 38. சிப்காட் வளாகத்தில் காவல் வேலை. மனைவிக்கு வயது 33. அங்கேயே ஒரு கேண்டீனில் வேலை. இரண்டு பிள்ளைகள். ராத்திரி சாப்பாட்டு நேரம்.

"என்னாங்க, எல்லாத்தையும் ஒரு பக்கமாவே மெல்றீங்க?"

"இந்தப் பக்கத்துக் கடவாய்ப் பல்லு ஆடுது."

"பல் டாக்டர்கிட்ட காட்டலாம் இல்ல?"

"காட்டினா கிளீன் பண்ணணும்பாங்க. கிளீன் பண்ணா இருக்கிற பல்லும் ஆடிப் போயிடும். எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. சொத்தை இருந்தாலாவது போகலாம். சொத்தையும் இல்ல, வலியும் இல்ல. எதுக்கு அங்க போய் உட்காரணும்?"

"எனக்குந்தான் துலக்குறப்ப ரத்தம் வருது. நானும் யார்கிட்டயும் சொல்லல."

இந்தச் சின்னப் பேச்சில் மூன்று தப்பான எண்ணங்கள் இருக்கின்றன.

1. வலி இல்லாவிட்டால் நோய் இல்லை.
2. சொத்தை இல்லாவிட்டால் பல் போகாது.
3. சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்.

மூன்றுமே தவறு. ஏன் தவறு என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வலிக்காமல் வரும் நோய்

நம் வாயில் எப்போதும் கிருமிகள் இருக்கின்றன. சாப்பிட்ட பிறகு அவை பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் ஒட்டிக்கொண்டு, வெள்ளையாக, வழவழப்பாக ஓர் அழுக்குப் படலம் உண்டாக்குகின்றன. நகத்தால் பல்லைச் சுரண்டினால் மாவுபோல் வருகிறதே, அதுதான் இது. தினமும் துலக்கினால் போய்விடும். துலக்காமல் விட்ட இடத்தில், எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் சேர்ந்து சில நாட்களிலேயே கெட்டியாகிறது. இதற்குத்தான் காரை என்று பெயர். உப்புத் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் காரை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல்லில் பிடிப்பதும் அதுபோலத்தான். ஒரு தடவை கெட்டியாகிவிட்டால் பிரஷ் போட்டாலும் போகாது, வேப்பங்குச்சி போட்டாலும் போகாது.

காரையின் மேல் கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றோடு உடம்பு போராடுவதால் ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டாலே ரத்தம் கசிகிறது. இது முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு முழுக்கப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

டென்மார்க் தேசத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர் பல் துலக்குவதை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடியும் துலக்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. 1965-இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் உடம்புச் சூடு அல்ல, பல்லில் தங்கும் அழுக்குத்தான் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

முதல் கட்டத்தில் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இரண்டாம் கட்டம் வருகிறது. ஈறு பல்லை விட்டு விலகி, நடுவில் சட்டைப்பை மாதிரி ஒரு பள்ளம் உண்டாகிறது. அந்தப் பைக்குள் கிருமியும் காரையும் வேரை ஒட்டிக் கீழே இறங்குகின்றன. பல்லைத் தாங்குகிற தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஏரிக்கரையில் நிற்கும் தென்னையை நினைத்துக் கொள்ளுங்கள். மரத்துக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் வேரடி மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் மரம் சாயத்தானே செய்யும்? பல்லும் அப்படித்தான் ஆட்டம் காண்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. அதுதான் இந்த நோயின் தந்திரம். வலி வரும் நேரத்தில் பாதி எலும்பு போயிருக்கும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கடுமையான ஈறு நோய் உலகத்தில் 100 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது. ஆகவே, ‘எனக்கு மட்டும் இப்படி ஆகிவிட்டதே’ என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

சொத்தையே இல்லாமல் பல் போன கதை

"சொத்தை இல்லாத பல் எப்படிப் போகும்?" என்று கேட்பவர்களுக்கு இலங்கையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களின் வழி வந்தவர்கள். அங்கே 1970-இல், ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டுப் பல் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குப் பிரஷ்ஷால் துலக்கும் பழக்கமும் இல்லை, பல் வைத்தியர் உதவியும் இல்லை. ஆனால் சொத்தைப் பல் என்பதே அவர்களிடம் ஏறக்குறைய இல்லை. பல் எல்லாம் உறுதியாகத்தான் இருந்தது. காரையும் ஈறில் ரத்தமும் மட்டும் இருந்தன.

15 வருஷம், 1985 வரை, திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். என்ன தெரிந்தது?

100-க்கு 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நோய் நின்றுவிட்டது. அவர்களுக்குப் பல் போகவில்லை.

100-க்கு 81 பேருக்கு நோய் மெதுவாக முன்னேறியது. 30 வயதுக்கு மேல் பல் விழ ஆரம்பித்தது. 45 வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது.

100-க்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. 35 வயதில் 12 பல், 40 வயதில் 20 பல். 45 வயதில் வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லை.

எல்லோரும் ஒரே மாதிரி வேலை செய்கிறவர்கள்தான். எல்லோருக்கும் வாயில் அழுக்கு இருந்தது. ஆனால் யார் அந்த 8 பேரில் ஒருவர் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. நம் ஊரிலும் அப்படித்தான். "எங்க தாத்தா 80 வயசுல கரும்பு கடிச்சாரு, அவரு எந்த டாக்டரைப் பார்த்தாரு?" என்று சொல்வோம். தாத்தா அந்த 11 பேரில் ஒருவராக இருக்கலாம். பேரனும் அப்படித்தான் என்று என்ன நிச்சயம்? ஈறுக்குள் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

இதுதான் நிறையப் பேரைத் தடுத்து நிறுத்துகிற பயம். "பெரியப்பாவுக்கு கிளீன் பண்ணாங்க, அப்புறம்தான் பல் ஆடிச்சு" என்பார்கள். நடந்தது என்னவென்றால், பெரியப்பாவின் பல் முன்பே ஆடிக்கொண்டிருந்தது. பல்லுக்குப் பல் நடுவில் காரை சிமெண்டுப் பூச்சு மாதிரி அடைத்துக்கொண்டு ஆட்டத்தை மறைத்திருந்தது. அந்தப் பூச்சை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிந்தது.

அதேபோல, "கிளீன் பண்ணதும் பல்லுக்கு நடுவுல சந்து விழுந்துடுச்சு" என்பார்கள். அது புதிதாக விழுந்த சந்து அல்ல. வீங்கிய ஈறும் காரையும் மூடியிருந்த சந்து. வீக்கம் வடிந்ததும் பல் கொஞ்சம் நீளமாகவும், நடுவில் இடைவெளியாகவும் தெரிவது உண்மைதான். ஆனால் அது ஈறு குணமாவதற்கு அடையாளம்.

இன்னொன்று. "சுரண்டினா பல்லு மேல இருக்கிற பூச்சும் தேஞ்சு போயிடும்" என்று பயப்படுவார்கள். தேர்ந்த டாக்டர் முறையாகச் செய்யும்போது அவர் எடுப்பது காரையைத்தான், பல்லை அல்ல. பல்லை உண்மையில் தேய்ப்பவை செங்கல் பொடியும், அடுப்புக்கரியும், சொரசொரப்பான பல்பொடியும்தான். வருஷக்கணக்காக அவற்றைப் போட்டுத் தேய்த்தால் பல்லும் தேயும், ஈறும் இறங்கும்.

ஆழச் சுத்தம் எப்படிச் செய்கிறார்கள்?

முதல் கட்ட நோய்க்கு ஈறுக்கு மேலே உள்ள காரையை எடுத்தாலே போதும். ஈறுப் பை ஆழமாகிவிட்டால், ஈறுக்குக் கீழே வேர் வரை போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். இதையே ஆழச் சுத்தம் என்கிறோம். டாக்டர்கள் ஸ்கேலிங், ரூட் பிளானிங் என்று சொல்வார்கள். கத்தி வைத்து அறுக்கும் ஆபரேஷன் அல்ல. பயம் வேண்டாம்.

முதலில் அளவு. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக விட்டுப் பார்ப்பார் டாக்டர். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலையில்லை. 4-ம் அதற்கு மேலும் இருந்து ரத்தமும் வந்தால், பைக்குள் நோய் இருக்கிறது என்று அர்த்தம். எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரே எடுப்பார்.

அடுத்தது மரத்துப் போகும் ஊசி. சுத்தம் செய்யும் பக்கத்தில் மட்டும் போடுவார். ஊசி குத்துவது ஒரு நிமிஷம் தெரியும். பிறகு வலி தெரியாது.

அதன் பிறகு சுத்தம். அதிர்கிற முனையும் தண்ணீர் பீச்சும் குழாயும் சேர்ந்த கருவியால் காரையை உடைத்து எடுப்பார். ‘கிர்’ரென்று சத்தம் கேட்கும். வாயில் தண்ணீர் நிறையும். அதை ஒரு குழாய் உறிஞ்சிவிடும். பைக்குள் ஒட்டியிருப்பதைக் கையால் பிடிக்கிற மெல்லிய கருவியால் சுரண்டி, வேரின் மேல் உள்ள அழுக்கை எடுத்துச் சுத்தமாக்குவார்.

வாய் முழுவதையும் ஒரே நாளில் செய்யாமல், ஒரு தடவைக்கு ஒரு பக்கம் என்று 2 முதல் 4 தடவை வரச் சொல்வது வழக்கம். முதல் தடவை போய்விட்டு, "ஒரு பக்கம் நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடாதீர்கள். பாதிக் களை எடுத்த வயல் மாதிரி ஆகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மரத்த உணர்ச்சி போகும்வரை சாப்பிடாதீர்கள். தெரியாமல் நாக்கையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வீர்கள். ஓரிரு நாள் லேசாக ரத்தமும் வலியும் இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். டாக்டர் சொன்ன மாத்திரையை மட்டும் சாப்பிடுங்கள்.

சில வாரங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசலாம். பெரும்பாலும் தானாகக் குறையும். வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தால், சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற மருந்தை வாரக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

இரண்டு மூன்று மாதத்துக்குள் டாக்டர் மறுபடியும் அளந்து பார்ப்பார். ஈறு பல்லோடு ஒட்டி, பையின் ஆழம் பொதுவாக 1 முதல் 2 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். ரத்தம் நின்றிருக்கும். வாய் நாற்றமும் குறையும். லேசாக ஆடிய பல் கொஞ்சம் இறுகுவதும் உண்டு. மிக ஆழமான பை அப்படியே இருந்தால், ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சிறு ஆபரேஷன் தேவைப்படலாம். பிடிப்பே இல்லாமல் போன பல்லை எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்று சொல்கிறோம்.

ஆழச் சுத்தம் ஒரு தடவை செய்துவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்பதில்லை. டாக்டர் சொல்கிறபடி 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும்.

இவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்

முழுகாமல் இருக்கும் பெண்கள்: கர்ப்ப காலத்தில் உடம்பில் ஏற்படும் மாறுதலால், கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் ஈறு அதிகமாக வீங்கி ரத்தம் வரும். சிலருக்கு ஈறில் சின்னக் கட்டிகூட வரும். அது பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும். ரத்தம் வருகிறதே என்று பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள். "பிள்ளைத்தாச்சி பல் வைத்தியம் பார்க்கக் கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. கர்ப்ப காலத்தில் பல் சுத்தம் செய்துகொள்வதால் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. 4 முதல் 6 மாதம் வரை உள்ள காலம் உட்காரவும் படுக்கவும் வசதியானது. எத்தனை மாதம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும்போது ஈறைப் பற்றி நர்ஸம்மாவிடமும் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்: சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். ஒன்றுக்கொன்று தீனி போடுகிற கதைதான். ஆழச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனையில் ஏறத்தாழ 0.4 சதவிகிதம் வரை குறைந்ததாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மாத்திரைக்குப் பதில் அல்ல, மாத்திரையோடு சேர்ந்த உதவி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம், "ஈறில் ரத்தம் வருதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

புகையிலை போடுபவர்கள்: பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, மாவா, பாக்கெட் புகையிலை எல்லாமே ஈறைக் கெடுக்கும். இதில் ஒரு மோசமான விஷயம் உண்டு. புகை பிடிப்பவருக்கு நோய் முற்றினாலும் ஈறில் ரத்தம் அதிகம் வராது. புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து அடையாளத்தையே மறைத்துவிடுகிறது. "எனக்கு ரத்தமே வரலையே" என்று அவர் நிம்மதியாக இருக்கக் கூடாது. ராத்திரி வேலையில் தூக்கம் வராமல் இருக்க மாவா போடும் தம்பிமார்களே, வாயில் அடக்கி வைக்கும் இடத்திலேயே ஈறு இறங்கும். வாய்ப் புற்றுநோய்க்கும் அதுவே வழி. சுத்தம் செய்துகொண்ட பிறகும் புகையிலையை விடாவிட்டால் ஈறு சரியாக ஆறாது.

மாத்திரை சாப்பிடுபவர்கள்: ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும், வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாயின் மாத்திரையாலும் சிலருக்கு ஈறு தடித்து வளரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரும், இருதய வால்வு நோய் உள்ளவரும் சுத்தம் செய்வதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை பல் துலக்குங்கள். ராத்திரி துலக்குவதுதான் முக்கியம். மெதுவான நாருள்ள பிரஷ், ஃபுளோரைடு கலந்த பேஸ்ட் பட்டாணி அளவு போதும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, மெதுவாக இரண்டு நிமிஷம் தேயுங்கள். பாத்திரம் விளக்குகிற மாதிரி அழுத்தித் தேய்க்க வேண்டாம். உள்பக்கத்தையும் மறக்காதீர்கள். கீழ்வரிசை முன்பல்லின் உள்பக்கத்தில்தான் காரை அதிகம் பிடிக்கும். நாக்கால் தடவிப் பார்த்தாலே சொரசொரப்புத் தெரியும்.

சந்து பெரிதாக உள்ளவர்கள் அதற்கென்றே கிடைக்கும் சின்ன பிரஷ்ஷை வாங்கிப் பயன்படுத்துங்கள். குண்டூசி, தீக்குச்சி, துடைப்பக்குச்சி வேண்டாம். ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் போடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ் மாற்றுங்கள்.

தம்பதிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

"எங்க ஊர் உப்புத் தண்ணியாலதான் காரை பிடிக்குதா?"
இல்லை. பல்லில் பிடிக்கும் காரை உங்கள் எச்சிலில் இருந்தே வருகிறது. நல்ல தண்ணீர் குடிப்பவருக்கும் துலக்காவிட்டால் பிடிக்கும்.

"வேப்பங்குச்சி போட்டாப் போதாதா?"
நுனியை நன்றாக மென்று, ஈறைக் குத்தாமல் மெதுவாகத் தேய்த்தால் மேல் அழுக்கு போகும். சந்துக்குள்ளும் உள்பக்கத்திலும் எட்டாது. பிடித்துவிட்ட காரையை எடுக்கவும் முடியாது.

"கிராம்புத் தைலம் தடவினா சரியாகுமா?"
கொஞ்ச நேரம் மரத்துப் போகும். பைக்குள் இருக்கும் காரை அப்படியேதான் இருக்கும்.

"அவருக்கு இருந்தா எனக்கும் ஒட்டிக்குமா?"
அதற்காக ஒருவரை ஒருவர் ஒதுக்க வேண்டியதில்லை. எச்சில் வழியாகக் கிருமி போகலாம். ஆனால் நோய் வருவதும் வராததும் அவரவர் உடல்வாகையும் சுத்தத்தையும் பொறுத்தது. ஒரே வீட்டில் ஒரே பழக்கம் என்பதால் இருவரும் சேர்ந்து காட்டுவதே நல்லது.

"சந்தையில பவுடர் போட்டு அஞ்சு நிமிஷத்துல வெள்ளை ஆக்குறாங்களே?"
வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட பொடியில் பல்லை அரிக்கும் திராவகம் இருக்கலாம். பல் வெளுத்ததுபோல் தெரியும், மேல்பூச்சு போய்விடும். ஈறுக்குள் உள்ள நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கே போகலாம்?

முதலில் உங்களுக்கு அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எந்த நாளில் பல் டாக்டர் இருப்பார், எங்கே அனுப்புவார்கள் என்று சொல்வார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம்.

சென்னையில் 1953-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது. ஈறு நோய்க்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. தாம்பரம் பக்கத்தில் உள்ளவர்கள் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறிக் கோட்டையில் இறங்கலாம். சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பக்கத்தில் உள்ளவர்கள் பஸ்ஸில் போகலாம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு, சர்க்கரைப் பரிசோதனைக் காகிதம் கையில் இருக்கட்டும். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

ஒரு நாள் கூலி போகுமே என்று யோசிப்பீர்கள். உண்மைதான். ஆனால் இன்றைக்கு இரண்டு மூன்று நாள் கூலியைப் பார்த்தால், நாளைக்குப் பல்செட்டுக்குச் செலவு. பல்செட்டு வைத்தாலும் சொந்தப் பல்லால் மெல்லுகிற மாதிரி வராது.

மறுபடியும் அந்த வீடு

நாம் முதலில் பார்த்த கணவனும் மனைவியும் சேர்ந்தே போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். டாக்டரம்மா அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "அம்மா, உங்களுக்கு முதல் கட்டம்தான். ஒரு தடவை சுத்தம் பண்ணி, ராத்திரி துலக்கினாப் போதும். ஐயா, உங்களுக்கு நாலஞ்சு பல்லில் பை ஆழமா இருக்கு. ஆழச் சுத்தம் பண்ணணும். அந்த ஒரு கடவாய்ப் பல்லுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். மத்ததைக் காப்பாத்திடலாம்."

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்கிறார் கணவர்.

"அதையும் காப்பாத்தியிருக்கலாம்."

அந்த இரண்டு வருஷத்தை நீங்கள் இழக்க வேண்டாம்.

நினைவில் வையுங்கள்

துலக்கும்போது ரத்தம் வந்தால் அது சூடு அல்ல, ஈறு நோயின் முதல் அடையாளம்.
வாய் நாற்றம், ஈறு இறங்குதல், பல் நகர்ந்து சந்து விழுதல், பல் ஆட்டம் ஆகியவை அடுத்த அடையாளங்கள்.
வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.
சுத்தம் செய்வதால் பல் ஆடாது. சுத்தம் செய்யாததால்தான் ஆடும்.
கர்ப்பம், சர்க்கரை, புகையிலை இருந்தால் இருமடங்கு கவனம் தேவை.

இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் வாயை ஒருவர் பாருங்கள். ஈறு வெளிறிய ரோஜா நிறமாகவோ, இயல்பான கருமையாகவோ இருந்து, பல்லோடு இறுகியிருந்தால் சந்தோஷம். சிவந்து, உப்பி, தொட்டால் ரத்தம் வந்தால், இந்த வாரத்திலேயே ஒரு நாள் குறித்துக்கொண்டு இருவரும் சேர்ந்து வாருங்கள்.